சம்பந்தியிடம் ‘காட்டுங்க’ என்று கேட்பது எப்படி?

ஏப்ரல் 6, ஞாயிறு

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "தெனமும் பிரஷர் பாருங்க நாச்சிமுத்து. கூடுனா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்க. காரணம் தன்னால தெரியும்" என்றார். காரணத்தை நானே கண்டுபிடிப்பதென்றால் இவருக்கு எதற்கு ஃபீஸ் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

இன்று கூடுதல். காரணம்: சம்பந்தி.

மகள் மிருதுளாவுக்கு ஜூன் முதல் தேதி இங்கே ஈரோட்டில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. மாப்பிள்ளை நிரஞ்சன் கோயமுத்தூர்ப் பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அப்பா தெய்வசிகாமணி மின்சார வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் நல்ல மனுஷர்தான். ஆனால் மூத்த மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போனவர், அங்கே பேரப்பிள்ளையைத் தூக்க வந்த நம்மூர்த் தகப்பன்மார்களோடு சேர்ந்து போக்கர் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். 

பத்திரிகை அட்டையில் யானையா, மயிலா என்று இன்று பேச்சு வந்தது. அவர் மயில் என்றார். எனக்கு யானைதான் பிடித்திருந்தது. "மயிலே போட்டுருங்க சம்பந்தி" என்றேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"நான் என்ன சொன்னாலும் செரீங்க, செரீங்கன்னா எப்புடீங்க? ஒரு தடவையாவது என்ர கூட மல்லுக்கு நில்லுங்க. வாங்க, சீட்டுல தீத்துக்கலாம்" என்று பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். கடைசியாகத் திறக்கிற சீட்டுக்குப் பெயர் ரிவர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன், மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. திறக்கத் திறக்கப் பந்தயம் வைக்கலாம். எதிராளி வைத்தால், பயமாக இருந்தால் நம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இல்லையென்றால் நாமும் அதே அளவு வைத்து, கடைசியில் "காட்டுங்க" என்று கேட்கலாம். யாருடையது பெரிய சீட்டோ, குவியல் அவருக்கு. கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிதாக வைத்து எதிராளியைப் பயமுறுத்துவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். பணம் வைக்கக் கூடாதென்று என் மனைவி வசந்தாமணி ஒரு தட்டு முந்திரிப்பருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஆட்டம் முடியும்போது யாரிடம் முந்திரி அதிகமோ அவர் சொல்கிற படம்.

நான், சம்பந்தி, மாப்பிள்ளை மூன்று பேரும் உட்கார்ந்தோம். சம்பந்தி ஒரு கைப்பிடி முந்திரியை அள்ளி வைத்தார். அவர் கையில் ஒன்றுமில்லை என்பது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மஞ்சள் மண்டி நடத்துகிறவன் நான். ஈர மஞ்சளைக் காய்ந்தது என்று சொல்லிக் கொண்டுவருகிறவன் முகம் எனக்குத் தெரியாதா? என் கையிலோ ஜோடி ராஜா. இருந்தும் கவிழ்த்தேன். எல்லா ஆட்டமும் அப்படியே கவிழ்த்தேன்.

"ஏனுங்க கவுத்தீங்க?" என்று அவர்கள் போனதும் வசந்தாமணி கேட்டாள்.

பெண்ணைக் கொடுக்கிறவன் சம்பந்தியைப் பார்த்து "காட்டுங்க" என்று எப்படிச் சொல்வது? நீங்க பொய் சொல்றீங்க என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வதுதானே அது? கேட்கிறாள் பாருங்கள் கேள்வி. மயில்தான் அச்சாகிறது.

ஏப்ரல் 9, புதன்

மிருதுளா படித்தது காது கேட்கிற திறனைச் சோதித்து மெஷின் பொருத்துகிற படிப்பு. ஆடியாலஜிஸ்ட். மண்டியில் பாதிப் பேர் அவளிடம் ரேடியோ ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

இன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நகை, பட்டு, சாப்பாடு எல்லாம் உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ரிசப்ஷன்ல மைக், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். என்ர பேஷன்ட்ஸ் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். மெஷின் போட்டவங்களுக்கு அந்தச் சத்தத்துல பக்கத்துல உக்காந்து பேசறது கூட வெளங்காதுப்பா. கழட்டி ஜோப்புல போட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க. எங்க போனாலும் அவங்களுக்கு அதே கதிதான். என்ர கல்யாணத்துலயாவது நாலு பேர்கிட்டப் பேசிட்டுப் போகட்டும்."

"இவ்வளவுதானா அம்மிணி!" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். பிரஷர் நார்மல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மறுபடி ஆட்டம். விஷயம்: காலைப் பந்தியில் பொங்கலா, கிச்சடியா.

முதலில் யார் பேசுவது, அதாவது வைக்கிறேன், விலகுகிறேன் என்று சொல்வது, என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. என் முறை வந்தபோது "நீங்க மொதல்ல சொல்லுங்க சம்பந்தி" என்றேன். "இல்லீங்க, முறைப்படி நீங்கதானுங்க" என்றார். "அதெப்புடீங்க, உங்களுக்கு முந்தி நான் பேசறது" என்றேன். மாப்பிள்ளை சலித்துப்போய், இந்த வீட்டுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டுவிட்டார்: பெண் வீடு எப்போதும் கடைசியாகப் பேசும்.

"மாமா, இந்த ஆட்டத்துல கடைசி எடந்தான் ராஜா எடம். எல்லாரும் என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு நீங்க முடிவெடுக்கலாம். உங்களுக்குத்தான் லாபம்" என்றார். என் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நான் கடைசியாகத்தான் பேசுகிறேன். ஒரு லாபத்தையும் கண்டதில்லை.

சம்பந்தி பந்தயம் வைத்தால் கவிழ்த்தேன். வைக்காமல் சும்மா இருந்தாலும் கவிழ்த்தேன். "மாமா, அவர் ஒண்ணுமே வெக்கல. எதுக்குக் கவுக்கறீங்க?" என்று மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். ஒரு தடவை மாப்பிள்ளையோடு சம்பந்தியும் கவிழ்த்துவிட்டார். குவியல் எனக்கு வந்துவிட்டது. சம்பந்தி வைத்த பொருளை நான் எப்படி வாரி எடுத்துக்கொள்வது? "இருக்கட்டுமுங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்று அவர் பக்கமே தள்ளிவிட்டேன். கிச்சடி.

இன்னொரு சங்கடம். பதற்றத்தில் என் பங்கு முந்திரியை நானே தின்றுவிட்டேன். வசந்தாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி முந்திரி கிடையாது, மண்டியிலிருந்து மஞ்சள்தானாம். விரலி சின்ன காசு, உருண்டை பெரிய காசு.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிரஷர் எழுதுகிற மாதிரி இல்லை.

சம்பந்தி இன்று வந்ததே சரியில்லை. முகம் வெளுத்திருந்தது. அவருக்குச் சம்பூரணம் என்று ஒரு அக்கா, வெள்ளகோயிலில் இருக்கிறார். சின்ன வயதிலிருந்து இவரைத் தூக்கி வளர்த்தவர். அந்த அம்மா சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. அவர் சொல்லிவிட்டாராம்: வரவேற்பில் என் தம்பி, அதாவது நம் சம்பந்தி, பாடியாக வேண்டும். தனிக் கச்சேரி. மூன்று மணி நேரம்.

"மைக்கு, எட்டு ஸ்பீக்கர் பாக்ஸுன்னு நெம்பச் சத்தமா இருக்குமுங்க" என்றார் சம்பந்தி, என் கண்ணையே பார்த்துக்கொண்டு. "பொண்ணு வீடு நீங்க. உங்களுக்குப் புடிக்கலைன்னா..."

சொல்லியிருக்கலாம். மிருதுளா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வசந்தாமணி என் முதுகில் கிள்ளினாள். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "சத்தம் இருந்தாத்தானுங்க கல்யாணம். எங்க பாக்கியமுங்க."

சம்பந்தி சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். அப்புறம் அவரே வழி சொன்னார். "செரி, சீட்டுல பாத்தரலாமுங்க. நீங்க ஜெயிச்சா பாட்டும் இல்லை, மைக்கும் இல்லை. எங்கக்கா ரம்மி ஆடறவங்க. ஆட்டத்துல தோத்தா தோத்ததுதான்னு ஒத்துக்குவாங்க. ஆனா ஒண்ணு, அவங்க கண்ணால பாக்கோணும்."

செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். அதற்குள்ளிருந்து சம்பூரணம் அம்மா உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி முதல் ஆட்டத்தில் சீட்டைக் கவிழ்த்தார். "எதுக்குடா கவுத்தே, பயந்தாங்கொள்ளி! போடுடா!" என்று செம்பு அதிர்ந்தது. அதற்கப்புறம் அவர் கவிழ்க்கவே இல்லை. உருண்டை மஞ்சளாக அள்ளி அள்ளி வைத்தார்.

கடைசி ஆட்டம். ரிவர் திறந்ததும் பெரிய குவியலைத் தள்ளினார். ஒன்றுமில்லாத கை, சத்தியமாகச் சொல்கிறேன். என்னிடம் மூன்று ராணி. "காட்டச் சொல்லுங்க சம்பந்தி. தப்பே இல்லீங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். பெரியவர்கள் அப்படித்தான் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அதற்காக நாம் கேட்டுவிட முடியுமா?

கவிழ்த்தேன்.

"அட, கவுத்திட்டீங்களா!" என்று வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் செம்புத் தண்ணீரையும் எடுத்துக் குடித்தார், செல்போன் சாய்ந்து விழுந்தது. ஜெயித்த சந்தோஷம் மனுஷனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

மிருதுளா வெளியே வந்தாள். "என்ர தலைல கை வெச்சீங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மிருதுளா பேசவில்லை. தோசையை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சம்பந்தியே போன் செய்து, இன்னொரு வாய்ப்புத் தருகிறேன், மறுபடி ஆடலாம் என்றார். "வேண்டாமுங்க, சொன்ன வாக்கு சொன்னதுதானுங்க" என்றேன். "அட வாங்கன்னா!" என்று கிட்டத்தட்ட அதட்டினார்.

இன்று எதற்கோ துணிந்துதான் வந்திருந்தார். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் நான் ஜெயிச்சா சாயங்காலம் மட்டுமில்லீங்க. காலைல முகூர்த்தத்துலயும் பாடுவேன். தாலி கட்டற நேரத்துல. மைக்குல." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். காபி கொண்டுவந்த வசந்தாமணி தட்டோடு உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

எப்படிப்பட்ட பேராசை! நாதஸ்வரக்காரர் என்ன செய்வார் என்றுகூட யோசிக்கவில்லையே இந்த மனுஷன்?

செல்போனில் சம்பூரணம் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, ரிவர் வந்தது. தள்ளினார். கவிழ்த்தேன்.

சம்பந்தி எழுந்து போய் வாசலில் நின்று கொண்டார். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடினார்.

மே 3, சனி

சம்பந்தியம்மா பூங்கோதை வசந்தாமணியிடம் போனில் சொன்னாராம்: அவர் சரியாகத் தூங்குவதில்லை. தினமும் ஐஸ்கிரீம் தின்கிறார். ஐஸ் தண்ணீரில் குளிக்கிறார். தொண்டை கட்டிவிட்டது, அதில் அவருக்கு ஒரே உற்சாகம்.

பாவம், பாடப்போகிற நேரத்தில் இப்படியா! உடனே அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி, மலைத்தேன் எல்லாம் கட்டி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். நம்மால் முடிந்தது.

மே 6, செவ்வாய்

சம்பந்தி போன் செய்தார், தொண்டை சரியாகிவிட்டதாம். "உங்க கசாயம் நெம்பக் கேக்குதுங்க" என்றார். குரலில் சுரத்தே இல்லை. நன்றியை அதிகம் காட்டிக்கொள்ளாத சுபாவம் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

மாப்பிள்ளை தன் அப்பா பாடிய பாட்டைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். மண்டியில் வைத்துக் கேட்டேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள். "அண்ணா, யாருக்கு என்னாச்சு?" என்று ஒருவன் ஓடி வந்தான்.

பிரஷர் கூடுதல். காரணம் எழுத வேண்டியதில்லை.

மே 16, வெள்ளி

மிருதுளா இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"பேஷன்ட்ஸ்கிட்டப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லீறட்டுமாப்பா? வந்து எட்டு பாக்ஸுக்கு முன்னாடி உக்காந்து அவஸ்தைப்படறதுக்கு, வீட்டுலயே இருந்துக்கட்டும். உங்களுக்குச் சம்பந்தி மனசு நோகக் கூடாது. என்ர மனசு நோகலாம். செரிதானே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள். இன்னும் பதினைந்து நாளில் இந்த வீட்டை விட்டுப் போகிறவள். "யாரையும் நிறுத்தாத அம்மிணி, அப்பா பாத்துக்கறேன்" என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

மே 19, திங்கள்

மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு மண்டிக்கே வந்துவிட்டார், எனக்குப் பாடம் எடுக்க. வந்த நேரத்தில் நான் ஒரு வியாபாரியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். மேலே நல்ல மஞ்சள், அடியில் ஈரம். "மூட்டையைக் கொட்டுய்யா, பாக்கலாம்" என்று சத்தம் போட்டேன். ஆள் அசடு வழிந்தான்.

"மாமா, இதேதான். இதையே எங்கப்பாகிட்டச் சொல்லுங்க. அவர் கையில ஒண்ணும் இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மாப்ள. முதல் நாள்ல இருந்து தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது?"

"காட்டுங்கன்னு ஒரு வார்த்தை. சொல்லுங்க பாக்கலாம்."

சுவரைப் பார்த்துச் சொன்னேன், வந்தது. தராசைப் பார்த்துச் சொன்னேன், வந்தது. மாப்பிள்ளை தன் அப்பா மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். உடனே என் வாய் "காபி சாப்பிடறீங்களா?" என்றது. வீட்டுக்கு வந்து வசந்தாமணியை சம்பந்தியாக உட்கார வைத்துப் பார்த்தோம். சம்பந்தியையாவது கேட்டுவிடலாம், அவளைப் பார்த்து அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமே இல்லை.

மே 25, ஞாயிறு

கடைசி ஆட்டம், கோயமுத்தூரில், அவர்கள் வீட்டில். சம்பந்திதான் கூப்பிட்டார். "இதுதான் முடிவு. நீங்க ஜெயிச்சா ரெண்டு பாட்டும் ரத்து, மைக்கு உள்ளயே வராது" என்றார். சம்பூரணம் அம்மா செல்போனில் இல்லை, நேரிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் ஆடினோம். மாப்பிள்ளை என் காலை மிதித்து மிதித்து, நான் ஒன்றிரண்டு குவியலைத் தள்ளிக்கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அதற்கே வேர்த்துவிட்டது. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக மஞ்சள் இருந்தது.

கடைசிக் கை. எனக்கு வந்தது ஒரு ஏழும் ஒரு நாலும். நடுவில் ராஜா, ராணி, பத்து, அப்புறம் ஒரு நாலு. ரிவர் திறந்தார்கள்: ரெண்டு. ஆக என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி நாலு. நடுவில் கிடக்கிற ராஜாவுக்கோ ராணிக்கோ எதிராளியிடம் ஒரு ஜோடி இருந்தாலும் நான் காலி.

சம்பந்தி இரண்டு கையாலும் தன்னிடமிருந்த மஞ்சள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். மாப்பிள்ளை கவிழ்த்தார். பேச வேண்டிய கடைசி ஆள் நான். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ராஜா இடமாம், ராஜா இடம்! இதைவிட முள்ளில் உட்கார்ந்திருக்கலாம்.

"நல்லா யோசிங்க சம்பந்தி. அவசரமே இல்லீங்க. நெம்ப நல்லா யோசிங்க" என்றார் சம்பந்தி. நெற்றியிலிருந்து வேர்வை மஞ்சள் மேல் சொட்டியது.

"இதுல யோசிக்க என்ன கெடக்குது?" என்றார் சம்பூரணம் அம்மா. "கையில இல்லாமயா என்ர தம்பி போடுவான்? கவுத்திட்டு எந்திரிங்க, சாப்பாடு ஆறுது."

என் கை கவிழ்க்கப் போய்விட்டது. உண்மையைத்தானே எழுத வேண்டும்? சீட்டைத் தூக்கிவிட்டேன். அப்போது மிருதுளா சொன்னது ஞாபகம் வந்தது, பேஷன்ட்டுகள் மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று. ஏன் என்று தெரியவில்லை, அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் இவளும் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கிறாள், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. எனக்கு அப்படித் தெரிந்தது.

சீட்டைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். கையைக் கூப்பிக்கொண்டேன்.

"சம்பந்தி, தப்பா நெனைச்சுக்கக் கூடாதுங்க. உங்க மேல எனக்கு அணுவளவும் சந்தேகம் கெடையாதுங்க. உங்களை மாதிரி ஒரு மனுஷரு கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும். உங்க சீட்டு பெருசாத்தான் இருக்கும், அதுல ரெண்டு பேச்சு இல்லீங்க. இருந்தாலும் சும்மா, ஒரு பார்வை பாத்துட்டு உடனே திருப்பிக் குடுத்தர்றேனுங்க..."

"என்னங்க சொல்ல வர்றீங்க?" என்று சம்பந்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"காட்டுங்க."

சொல்லிவிட்டேன்! கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

சம்பந்தி சீட்டைத் திருப்பினார். எட்டும் மூன்றும். எதோடும் எதுவும் சேரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லை. என் நாலுதான் பெரிது.

"அக்கா! தோத்துட்டேன்! தோத்துட்டேன்க்கா!" என்று எழுந்து குதித்தார். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். மாப்பிள்ளை விசிலடித்தார். பூங்கோதை அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சம்பூரணம் அம்மா மட்டும் தம்பியை முறைத்தார். "இத்தனை கையும் இதைய வெச்சுட்டுத்தான் போட்டியாடா? செரி, ஆட்டம்னா ஆட்டந்தான். பாட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கை கழுவுகிற இடத்தில் சம்பந்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு மனசாட்சியே இல்லீங்களா? மேடை ஏறுனா எனக்குக் கால் நடுங்குமுங்க. தொண்டை அடைச்சுக்குமுங்க. அக்காகிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரலை, என்னைய வளத்தவங்க. சீட்டுல தோத்துத் தப்பிக்கலாம்னு பாத்தா, தோக்க வுட்டீங்களா? கையில ஒண்ணுமில்லாமப் போடறேன், கவுக்கறீங்க. காலைலயும் பாடுவேன்னு மெரட்டறேன், அதுக்கும் கவுக்கறீங்க. ஐஸ்கிரீம் தின்னு தொண்டையக் கெடுத்துக்கிட்டேன், கசாயம் அனுப்பறீங்க! உங்ககிட்டத் தோக்கறதுக்குள்ள என்ர உசுரே போயிருச்சுங்க."

"மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் தோற்கத்தான் ஆடினார் என்று எனக்கும் உள்ளூரத் தெரியும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முன் பக்கங்களைப் படித்தால் டாக்டர் நம்பமாட்டார்.

மே 26, திங்கள்

மிருதுளா தோசையை மெதுவாக வைத்தாள். நெய் ஊற்றியிருந்தாள்.

ஜூன் 2, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

வரவேற்பில் மைக் இல்லை, பாக்ஸ் இல்லை. வந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கரண்ட் இல்லையா என்று கேட்டார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். மிருதுளாவின் பேஷன்ட் ஒரு பெரியவர், இரண்டு காதிலும் மெஷின், மேடையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவள் ஏதோ பதில் சொன்னாள். அவர் அப்படிச் சிரித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று, இரண்டு பேரும் கவலைப்படவில்லை. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மஞ்சள் கை பட்டு இன்னும் எரிகிறது.

அங்கேதான் சம்பந்தி என்னைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். என் காதுக்குள் மெதுவாகப் பாட ஆரம்பித்துவிட்டார். மேடைதான் பயமாம், காது பயமில்லையாம். ஒரு முழுப் பாட்டு. அடுத்ததும் பாடினார். நிறுத்திவிட்டு, "எப்புடீங்க இருந்துச்சு?" என்றார்.

அருமை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கடைசி ஆட்டத்திலிருந்து என் வாய்க்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "நல்லா இல்லீங்க சம்பந்தி" என்று வந்துவிட்டது.

"எந்த எடத்துலீங்க?"

"ஆரம்பத்துல இருந்தேங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்குள்ள அந்தச் சந்தேகம் இருந்துட்டே இருந்துச்சுங்க. ஆபீஸ்ல இருந்தப்ப உக்காந்த எடத்துல பாடுனா அத்தனை பேரும் கை தட்டுவாங்க. வீட்டுல காதைப் பொத்திக்குவாங்க. உள்ளது உள்ளபடி சொல்ல ஒரு ஆளில்லீங்க. இனி ஞாயித்துக்கெழமை தவறாம ஈரோடு வந்தர்றேன். நான் பாடறேன், நீங்க கேட்டுட்டுத் தப்பைச் சொல்லுங்க. திருத்திக்கறேன்."

வருகிற ஞாயிறு காலைப் பலகாரத்துக்கே வந்துவிடுவாராம். வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்கிறாள். சொல்லத் தெரியாமலா சொல்லவில்லை?

மிருதுளா நேற்று மாலை கோயமுத்தூர் போய்விட்டாள். அவள் அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. காலையிலிருந்து வீட்டில் ஒரு சத்தம் இல்லை. வரட்டும், பாடிவிட்டுப் போகட்டும்.